கிரனாடாவில் ஒரு கிளாஸுக்கு ஒரு தட்டு

‘செப்டம்பரில் ஸ்பெயின் போகிறோம், கிரனாடாவில் மூன்று இரவு. அங்கே ஒரு பீர் வாங்கினால் சாப்பாடு இலவசம் என்கிறார்களே, நிஜமா? இல்லை நம் ஊர் டச்சிங்ஸ் மாதிரி நாலு சுண்டல் கொடுத்து அனுப்பிவிடுவார்களா? எந்த பார் நல்லது? ராத்திரி சுற்றப் பயமில்லையா? நான் எப்போதாவது ஒரு பீர் குடிப்பேன். மனைவி குடிப்பதில்லை, சைவம் வேறு’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்களைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி வரியில்தான் கேள்வியே இருக்கிறது என்று நினைக்கிறேன். குடிக்காத, கறி மீன் தொடாத ஒருவர் அந்த ஊர் ராத்திரியில் கலந்துகொள்ள முடியுமா, இல்லை கணவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? தாராளமாகக் கலந்துகொள்ளலாம். ஆனால் இரண்டு பழக்கங்களைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஒன்று, பொழுது சாய்ந்ததும் சாப்பிடுவது. இன்னொன்று, என்ன சாப்பிடுவது என்பதை நாமே தீர்மானிப்பது.

ஆராய்ச்சி மாணவனாக ஏழு வருடம் கிரனாடாவில் இருந்தேன். உதவித்தொகை போதாததால் இரண்டு வருடம் வார இறுதிகளில் ரியலேஹோ பகுதியில் ஒரு பாரில் வேலை பார்த்தேன். முதலில் கிளாஸ் கழுவ, அப்புறம் கவுண்டரில். ஊரை விட்டு வந்து நான்கு வருடம் ஆகிறது. அதனால் விலைகளை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள். விடியும்வரை ஆடும் கிளப்புகள் எனக்கு அப்போதே அவ்வளவு பழக்கமில்லை, அதில் என் வார்த்தையை ரொம்ப நம்ப வேண்டாம்.

முதலில் அந்த இலவசம். நிஜம்தான். கிரனாடா, ஹாயென், அல்மேரியா, வடக்கே லெயோன் போன்ற சில ஊர்களில் ஒரு பானம் வாங்கினால் கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வரும். அதற்குத்தான் தாப்பா என்று பெயர். செவில்லிலும் கொர்தொபாவிலும் பொதுவாக அப்படியில்லை, தட்டுக்குத் தனிக் காசு. கிரனாடாவில் பீரும் தட்டும் சேர்த்து இரண்டரை முதல் மூன்றரை யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் செலவு பானத்தின் விலைக்குள்ளேயே இருக்கிறது. எந்த முதலாளியும் தருமம் செய்வதில்லை. ஆனால் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பேர் வாழும் ஊரில், 1531-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் மட்டுமே ஐம்பதாயிரத்துக்கு மேல். கையில் காசு குறைவாகவும் பசி அதிகமாகவும் இருக்கும் அந்தக் கூட்டம் தட்டு இளைத்த கடையை அடுத்த வாரமே மறந்துவிடும். அதனால் நாலு சுண்டலோடு நிறுத்தினால் கடை ஓடாது. எங்கள் கடையில் சின்ன ரொட்டிக்குள் வறுத்த இறைச்சி, ஒரு கரண்டி சோற்றுப் பாயெய்யா, மீன் வறுவல், கொண்டைக்கடலைக் குழம்பு என்று நாளுக்கொன்றாக மாறும். மூன்று கிளாஸ் முடிவதற்குள் ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும்.

கவுண்டருக்கு உள்ளே நின்றவர்களுக்கு மட்டும் தெரியும் ஒரு விஷயம் உண்டு. பல கடைகளில் தட்டுகளுக்கு வரிசை இருக்கிறது. நீங்கள் முதல் சுற்று கேட்டதும் நான் சமையலறைப் பக்கம் திரும்பி ‘தோஸ் தே ப்ரிமேரா’ என்று கத்துவேன், அதாவது முதல் தட்டு இரண்டு. அடுத்த சுற்றுக்கு ‘செகுந்தா’, அதற்கடுத்து ‘தெர்செரா’. சுற்று ஏற ஏறத் தட்டின் தரமும் ஏறும். முதல் தட்டு பெரும்பாலும் ரொட்டி, உருளைக்கிழங்கு வகை. மூன்றாவதில்தான் சமையல்காரர் தன் கையைக் காட்டுவார். கடைக்குக் கடை தாவும் சுற்றுலாக்காரர் போகுமிடமெல்லாம் முதல் தட்டையே தின்றுவிட்டு, ‘என்னப்பா, எல்லாக் கடையிலும் ரொட்டிதானா’ என்று அலுத்துக்கொள்வது இதனால்தான். ஒரே கடையில் உட்கார்ந்தால் தட்டு நன்றாகும், ஊர் பார்க்க முடியாது. தாவினால் ஊர் தெரியும், தட்டு தெரியாது. ஒரு ராத்திரிக்கு இரண்டு கடை, கடைக்கு இரண்டு சுற்று என்பது என் கணக்கு. இன்னொன்று, இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் பானம் கேளுங்கள். ஆளுக்கு ஒரு நேரத்தில் கேட்டால் சுற்றுக் கணக்கு குழம்பும், கவுண்டரில் இருப்பவனின் முகமும் மாறும்.

தாப்பா என்றால் மூடி. நம் தாப்பாளுக்கும் இதற்கும் சொந்தமில்லை, ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும். கிளாஸின் வாயை ரொட்டித் துண்டாலோ பன்றித்தொடைத் துண்டாலோ மூடியதிலிருந்து வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். யார் முதலில் மூடினார்கள் என்று கேட்டால் கதைகள்தான் கிடைக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டு அரசர் பத்தாம் அல்ஃபோன்ஸோ நோயிலிருந்து எழுந்து சட்டம் போட்டார் என்பார்கள். காதிஸ் கடற்கரையில் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோவின் ஒயினில் மணல் விழாமலிருக்கப் பரிமாறியவர் மூடிக் கொடுத்தார் என்பார்கள். வழிகாட்டிகள் இவற்றை வரலாறு போலவே சொல்வார்கள். கேட்டு ரசியுங்கள், அத்தோடு விட்டுவிடுங்கள்.

பானத்துக்கு வருவோம். உங்களுக்குச் சின்ன கிளாஸ் பீர் போதுமென்றால் ‘கான்யா’, உயரமான கிளாஸில் வேண்டுமென்றால் ‘தூபோ’. 1925-இல் தொடங்கிய அல்ஹம்ப்ரா என்ற உள்ளூர் பீர் எங்கும் கிடைக்கும். அதில் காகிதம் ஒட்டாத பச்சை பாட்டிலில் வருவது கொஞ்சம் ஆல்கஹால் கூடிய சரக்கு, வேகமாகக் குடிக்கக் கூடாது. வெயில் காலத்தில் ஊர்க்காரர்கள் சிவப்பு ஒயினில் இனிப்புச் சோடா கலந்த ‘தின்தோ தே பெரானோ’ குடிப்பார்கள். பழத்துண்டுகள் போட்ட ஒயினான சங்ரியா கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் பக்கத்து மேசையில் யாரும் அதைக் குடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். உங்கள் மனைவிக்கு ‘மோஸ்தோ’ என்று கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு, ஐஸும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு ஒயின் கிளாஸிலேயே வரும். ஆல்கஹால் இல்லாத பீர் வேண்டுமென்றால் ‘உனா சின்’. இரண்டுக்கும், கோலா வகைகளுக்கும் அதே தட்டு உண்டு. காபி, டீக்குத்தான் தட்டு வராது. குடிக்காதவரை அங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஸ்பெயின்காரர்கள் பாருக்குப் போவது பேசுவதற்காக. காலையில் அதே பாரில்தான் பாட்டிகள் காபியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்கிறார்கள், பிள்ளைகளைத் தள்ளுவண்டியோடு உள்ளே கூட்டிவருகிறார்கள். பார் என்ற சொல்லுக்கு நாம் மனதில் வைத்திருக்கும் இருட்டறையை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள்.

சைவம்தான் கொஞ்சம் பாடுபடுத்தும். ‘சோய் பெஹெதாரியானா’, நான் சைவம், என்று உங்கள் மனைவி சொன்னால் மட்டும் போதாது. நான் வேலை பார்த்த கடையில் ஒரு பெண் அப்படிச் சொன்னார், நானும் உள்ளே சொன்னேன், தட்டில் சூரை மீன் வந்தது. ‘கறி எங்கே இருக்கிறது? இது மீன்தானே’ என்று சமையல்காரர் கேட்டதில் கள்ளமே இல்லை. ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்: கறி, மீன், பன்றித்தொடை மூன்றும் வேண்டாம். கடைசிச் சொல்தான் முக்கியம், ஏனென்றால் ஹமோனை அவர்கள் பாதி நேரம் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, ஒரு வாசனைப் பொருளாக நினைக்கிறார்கள். சல்மோரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல் அதைத்தான் தூவுவார்கள். பச்சை மொச்சை வதக்கல் என்று ஆசையாக வாங்கினால் அதிலும் இருக்கும். பாரின் கூரையிலிருந்து தொங்கும் தொடைகளின் கீழே கொழுப்பு சொட்டாமலிருக்கச் சின்னக் குப்பிகள் செருகியிருப்பார்கள். அதைப் பார்த்து அவருக்குக் குமட்டினால் வெளியே போட்டிருக்கும் மேசைகளுக்குப் போய்விடுங்கள்.

கிடைப்பவை என்ன? ஆலிவ், ஆட்டுப்பால் சீஸ், காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு, வெங்காயமும் மிளகாயும் போட்டு எண்ணெயில் மெதுவாக வேகவைத்த ‘பாப்பாஸ் ஆ லோ போப்ரே’, அதாவது ஏழை வீட்டு உருளைக்கிழங்கு. முட்டை சாப்பிடுவாரென்றால் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையான தோர்த்தியா எங்கும் உண்டு. இதையெல்லாம் விட ஒன்று சொல்கிறேன், தட்டாக வராவிட்டால் காசு கொடுத்தாவது வாங்குங்கள்: ‘பெரென்ஹேனாஸ் கோன் மியெல் தே கான்யா’. கத்தரிக்காயை மெல்லிசாக நறுக்கி, மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து, மேலே கரும்புப் பாகை ஊற்றிக் கொடுப்பார்கள். ‘மியெல்’ என்றால் தேன், ஆனால் இது தேன் அல்ல, நம் பாகேதான். கிரனாடாவுக்குத் தெற்கே மோத்ரில் கடற்கரையில் அரபு ஆட்சிக் காலத்திலிருந்து கரும்பு விளைந்தது. அங்கே கடைசிச் சர்க்கரை ஆலை 2006-இல் மூடிவிட்டார்கள், ருசி மட்டும் தங்கிவிட்டது. என் அம்மா வந்திருந்தபோது மூன்று ராத்திரியும் இதையே சாப்பிட்டார். அரைத்தட்டு வேண்டுமென்றால் ‘மெதியா ராசியோன்’. இரண்டு பேருக்குப் போதும்.

நேரம். ஊருக்குப் போன முதல் வாரம் மாலை ஆறரைக்குப் பசியோடு ஓர் உணவகத்தில் நுழைந்தேன். நாற்காலிகளெல்லாம் மேசை மேல் கவிழ்ந்திருந்தன, தரை துடைத்துக்கொண்டிருந்தவர் தூக்கத்தைக் கலைத்த குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். மதியச் சாப்பாடு இரண்டு முதல் நான்கு வரை. அதோடு பல சமையலறைகள் மூடி, எட்டு எட்டரைக்குத்தான் திரும்பத் திறக்கும். ஒன்பதரைக்குக் கூட்டம் சேரும். ஊர் கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே இருக்கிறது, ஆனால் 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்துவிட்டது, போர் முடிந்த பிறகும் திருப்பவில்லை. கோடையில் கடிகாரத்தை இன்னொரு மணி நேரம் முன்தள்ளும் கணக்கும் சேர்வதால் செப்டம்பரில் அங்கே உச்சிப் பொழுது பகல் இரண்டை ஒட்டித்தான் வரும். ‘ஸ்பெயின்காரர்கள் தாமதமாகச் சாப்பிடுவதே இதனால்தான்’ என்று எழுதுவார்கள். கடிகாரம் மாறியது உறுதி, அது மட்டுமே காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடுவில் இடைவெளி விட்டு எட்டு மணி வரை நீளும் கடை, அலுவலக நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. எப்படியோ, நீங்கள் ஆறு மணிக்கு ஒரு காபியும் ஏதாவது இனிப்பும் சாப்பிட்டுப் பசியைத் தள்ளிப்போடுங்கள். ஞாயிறு மாலையும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும்.

எந்த பார் என்றால், தெருக்களைச் சொல்வதே உபயோகம். நகரசபைக்குப் பக்கத்தில் தொடங்கும் நாவாஸ் தெருவில் வரிசையாக பார்கள். 1942 முதல் அங்கே இருக்கும் ‘லோஸ் தியமாந்தேஸ்’ மீன் வறுவலுக்குப் பேர் போனது. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும், உங்கள் மனைவிக்கு அங்கே வேலையில்லை. புதுச் சதுக்கம் என்று பெயர் கொண்ட பழைய சதுக்கமான பிளாசா நுவேபாவை ஒட்டிய சந்தில் ‘போதேகாஸ் காஸ்தான்யேதா’. பீப்பாய்கள் அடுக்கிய பழைய கடை, கூட்டத்தில் முழங்கையால் இடம் பிடிக்க வேண்டும், ஒரு தடவையாவது பார்க்கத்தான் வேண்டும். இங்கெல்லாம் சுற்றுலாக்காரர்கள் அதிகம் என்பதை மறைக்கவில்லை. எனக்குப் பிடித்தது ரியலேஹோ, ஒரு காலத்தில் யூதர்கள் வாழ்ந்த பகுதி. அங்கே காம்போ தெல் பிரின்ஸிபே என்ற சதுக்கத்தில் மரத்தடி மேசைகள், பந்தாடும் பிள்ளைகள், நடுவில் ஒரு கற்சிலுவை. புனித வெள்ளியன்று மூன்று மணிக்கு ஊர்க்காரர்கள் அந்தச் சிலுவைக்கு முன் மௌனமாக நின்று மூன்று வரம் கேட்பார்கள். மற்ற நாள் அதே இடத்தில் கத்தரிக்காய் வறுவல் கேட்கலாம். உங்களுக்கு ஒரே ஒரு ராத்திரிதான் என்றால் இங்கேதான் அனுப்புவேன்.

நடக்கும்போது காலடியிலும் பாருங்கள். ரேயெஸ் கத்தோலிகோஸ் என்ற பெரிய தெருவுக்குக் கீழே தார்ரோ ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூடிவிட்டார்கள். அதை ஒட்டி, ஊரை ஆண்ட கடைசி முஸ்லிம் வம்சமான நஸ்ரி அரசர்கள் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய வணிகர் சத்திரம் ஒன்று நிற்கிறது, இன்று கொர்ரால் தெல் கார்போன் என்று பெயர். 1492-இல் ஊர் கிறிஸ்தவ அரசர்கள் கைக்கு மாறிய பிறகு அது நாடகக் கொட்டகையாகவும் கரிக் கிடங்காகவும் இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில், 1920-களில் கவிஞர் ஃபெதெரிகோ கார்ஸியா லோர்காவும் நண்பர்களும் ஒரு மூலையைப் பிடித்து அரட்டையடித்த அலமேதா என்ற காபிக் கடை இருந்தது. ‘எல் ரின்கோன்ஸியோ’, குட்டி மூலை, என்றே அந்தக் கூட்டத்துக்குப் பெயர். அதே இடத்தில் இப்போது சிக்கித்தோ என்ற உணவகம்.

பரிமாறுபவர் சிடுசிடுத்தால் மனம் வருந்தாதீர்கள். அந்த ஊர்க் குணத்துக்கு ‘மலஃபொய்யா’ என்று பெயரே இருக்கிறது, அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. கொல்லன் பட்டறையில் துருத்தியைச் சரியாக ஊதாத பையனைத் திட்டிய சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். என்னைத் தினமும் முறைத்துக்கொண்டே காபி கொடுத்தவர்தான், நான் காய்ச்சலில் மூன்று நாள் வராதபோது ஆள் அனுப்பி விசாரித்தார்.

பார் வேண்டாம் என்று தோன்றும் ராத்திரிக்கு எல்விரா தெருவிலிருந்து மேலே ஏறும் கால்தெரேரியா நுவேபா. புதினா டீ, தாழ்வான திண்டுகள், பித்தளை விளக்குகள், பேரீச்சம்பழ இனிப்புகள். அரபு காலத்திலிருந்து தொடர்ந்து நடப்பவை போலத் தோன்றும் இந்தத் தேநீர்க் கடைகள் உண்மையில் 1980-களில் வந்தவை, மொரோக்கோவிலிருந்து குடியேறியவர்களும் இஸ்லாத்துக்கு மாறிய ஸ்பெயின்காரர்களும் தொடங்கியவை. பாத்திரம் அடிப்பவர்களின் தெரு என்பதுதான் தெருவின் பெயருக்கே அர்த்தம். தெரிந்துகொண்டு உட்கார்ந்தாலும் டீ நன்றாகத்தான் இருக்கும்.

சாக்ரோமோந்தே மலையில் வீடாகக் குடைந்த குகைகளில் ஃபிளமெங்கோ என்ற பாட்டும் ஆட்டமும் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே ஜிப்ஸி குடும்பங்கள் ஆடும் வகைக்கு சம்ப்ரா என்று பெயர். கல்யாணச் சடங்கிலிருந்து வந்த மூன்று ஆட்டங்கள் அதன் அடிப்படை. 1963-இல் பெருமழையால் குகைகள் இடிந்து பெரும்பாலானோர் வெளியேற்றப்பட்டார்கள், பிறகு ஆட்டம் மெல்லத் திரும்பி வந்தது. இப்போது ஒரு பானமும் வேன் சவாரியும் சேர்த்து டிக்கெட் விற்கிறார்கள். சில ராத்திரி உடல் சிலிர்க்கும், சில ராத்திரி ஆடுபவரே கடிகாரம் பார்ப்பார். ஃபிளமெங்கோவில் என் காது பழகிய காது அல்ல, அதனால் இந்தக் குகை அந்தக் குகை என்று சிபாரிசு செய்ய மாட்டேன். மேட்டில் இருக்கும் பழைய குடியிருப்பான அல்பைசினில் 1949 முதல் இயங்கும் பென்யா லா பிளாத்தெரியா என்ற ரசிகர் சங்கம் வெளியாட்களையும் அனுமதிக்கும் இரவுகள் உண்டு, தேதி பொருந்தினால் அங்கே போங்கள். பாடும்போது பேசினால் முன்வரிசைக் கிழவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அமைதிக்காகவே போகலாம்.

நள்ளிரவுக்குப் பிறகான ஊர் மாணவர்களுடையது. சாதாரண பார்கள் இரண்டு மணிக்கு மூட வேண்டும், நடனக் கிளப்புகள் ஆறு வரை, வெள்ளி சனிகளில் இன்னும் ஒரு மணி நேரம். பெத்ரோ அந்தோனியோ தே அலார்கோன் தெரு முழுக்க அவர்கள்தான். ராக் இசையில் ஆர்வம் இருந்தால் ஒரு செய்தி: லண்டன் பங்க் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் 1980-களில் இந்த ஊருக்கு வந்து உள்ளூர்க் குழுவோடு வேலை செய்தார், 2013-இல் ரியலேஹோவில் ஒரு சின்னச் சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பாதுகாப்பு. கூட்டமான இடத்தில் பையைக் கவனியுங்கள், அதற்கு மேல் பயப்பட வேண்டாம். பதினொரு மணிக்குப் பாட்டிகளே தனியாக நடக்கும் ஊர் அது. கதீட்ரல் பக்கம் ரோஸ்மேரிக் கொத்தை நீட்டிக் கை பார்க்க வரும் பெண்களிடம் கொத்தை வாங்கினால் காசு கேட்பார்கள், வாங்காமல் நடந்துவிடுங்கள். தெருவில் நின்று குடிப்பதற்கு, கிரனாடா அடங்கிய அந்தலூசியா மாநிலத்தில் 2006 முதல் தடை இருக்கிறது. அல்பைசினின் சான் நிக்கோலாஸ் முகட்டில், எதிரே இருக்கும் அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டையைப் பார்த்தபடி கையில் டின்னோடு பலர் நிற்பார்கள், போலீஸ் வந்தால் அபராதம் உங்களுக்கும் வரும். அல்பைசின் சந்துகளில் பின்னிரவில் விளக்கில்லாத குறுக்கு வழி வேண்டாம். கால் வலித்தால் பிளாசா நுவேபாவில் நிற்கும் சின்ன சி31 பஸ் மேலே ஏறும், கடைசி வண்டியின் நேரத்தை நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் என்பதால் இன்னொன்று. கடைசி ஞாயிறு ஊரின் காவல் தெய்வமான அங்குஸ்தியாஸ் மாதாவின் ஊர்வலம். அந்த மாலை நடுத்தெருக்களில் கூட்டம் நெரியும், பஸ் திருப்பிவிடப்படும், பார்களில் நிற்க இடமிருக்காது. ஆனால் அந்த மாதம் முழுக்க பேக்கரிகளில் ‘தோர்த்தா தே லா பீர்ஹென்’ என்ற தட்டையான இனிப்பு ரொட்டி விற்கும். உள்ளே பூசணி ஜாம் வைத்ததாகக் கேளுங்கள். நான் சொன்ன ஆறு மணிப் பசிக்கு அது சரியாக இருக்கும்.